ஒட்டுக்கேட்ட ஒரு சொல்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒட்டுக்கேட்டேன். முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் மனசுக்கு லேசு. கட்டின புருஷன் போனில் பேசுவதை, கிரைண்டரை நிறுத்திவிட்டு, குளியலறைக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, இருபது நிமிஷம் ஒட்டுக்கேட்டேன். அதில்கூட வெட்கமில்லை. இருபது நிமிஷத்தில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, அதுதான் வெட்கம். எல்லாம் இங்கிலீஷ்.

எங்கள் வீட்டு ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயசு. பெயர் ஆண்டியப்பன். காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். கார் முதலாளியுடையது. அந்த முதலாளி தன் மகனோடு சிங்கப்பூர் போய்க் குடியிருக்கப் போகிறார், மாசக் கடைசியில் வண்டிகளை விற்றுவிடுவார். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் தங்குகிற இடம். அங்கே டிரைவர் வேலை இருக்கிறது, ஆனால் இங்கிலீஷ் பேசிக் காட்ட வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி டெஸ்ட். அது கிடைக்கவில்லையென்றால் மெட்ராஸ் போய் யாரிடமாவது வண்டி ஓட்ட வேண்டியதுதான். நான் இங்கே, அவர் அங்கே.

அதற்காகத்தான் கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் ஒரு மாடியில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறார். போகட்டும். ஆனால் அந்த வகுப்பில் ஆளுக்கொரு பார்ட்னரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்ட்னரோடு போனில் இருபது நிமிஷம் இங்கிலீஷிலேயே பேச வேண்டுமாம். இவருடைய பார்ட்னர் பெயர் எமல்டா. தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்தது. நடந்ததை நடந்த அன்றைக்கே எழுதி வைத்தால் நாளைக்கு ஒரு பஞ்சாயத்து என்று வந்தால் உதவும்.

இன்று கேட்டதில் ஒன்று மட்டும் காதில் நின்றது. கெட், கெட் என்று என்னவோ திரும்பத் திரும்ப வந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அரிசி ஐந்து படி. உளுந்து புது மூட்டை, நன்றாகப் பொங்குகிறது.

கெட்: பதினேழு. அவர் பக்கம் மட்டும். அவள் பக்கம் எத்தனையோ.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற மகள் சிவரஞ்சனிக்குப் போன் போட்டேன்.

"கெட்டுன்னா என்னடி?"

"வாங்குறது, கெடைக்கிறது."

"அப்ப பதினேழு தடவ என்னத்தடி வாங்குறாரு உங்கப்பா?"

"எம்மா, அதுக்கு ஒரு அர்த்தம் கெடையாது. கூட எது வருதோ அதப் பொறுத்து மாறும். கெட் அப்னா எந்திரி. கெட் இன்னா ஏறு. கெட் டௌன்னா எறங்கு."

"எந்திரி, ஏறு, எறங்கு. இதையா ரெண்டு பேரும் இருபது நிமிஷம் பேசுறாக?"

"ஏம்மா, உனக்குப் பொறாமையா?"

"எனக்கா? எனக்கு வெந்தயம் ஊறப் போடணும். வைய்யி போன."

பொறாமையாம். அந்தப் பிள்ளைக்கு அவள் அப்பா புத்தி.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாவரைக்கும்போது யோசித்தேன். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எப்படிக் குடும்பம் நடத்துகிறான் என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால் நாமும் அப்படித்தான். காலையில் எழுந்து வாசலில் கோலம் போடுகிறேன். டீ போடுகிறேன். கிரைண்டரில் அரிசி போடுகிறேன். அவருக்குச் சோறு போடுகிறேன். மத்தியானம் ஒரு தூக்கம் போடுகிறேன். சாயங்காலம் வாசலில் நாற்காலி போடுகிறேன். போன வாரம் மீன்காரியோடு சண்டை போட்டேன். அவர் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறார், எனக்கு ஒரு காலத்தில் வளையல் போட்டார், இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவுக்குத் தாழ் போடுகிறார்.

அந்தக் கெட் பாவம். நம்ம வீட்டுப் போடு மாதிரி, எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றைக்குக் குளியலறைக்குள் வாளிமேல் உட்கார்ந்தவள் எழுந்தே விட்டேன். "கெட் மேரிட்" என்றார். மேரேஜ் எனக்குத் தெரியும், மண்டப வாசலில் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை குரல் இறங்கிப்போய், வெல்லப்பாகு மாதிரி.

ராத்திரிச் சோறு வைக்கும்போது சாதாரணமாகக் கேட்டேன்.

"யாருக்குங்க கல்யாணம்?"

"என்னது?"

"போன்ல சத்தமா கேட்டுச்சு. மாப்பிள்ள வீடா, பொண்ணு வீடா? மொய் எழுதணும்ல."

"இந்த வாரத் தலைப்பு அது. எனக்கு எப்படிக் கல்யாணம் ஆச்சுன்னு சொல்லணும்."

"சொன்னீகளா?"

"ம்."

"என்ன சொன்னீக?"

"ஆச்சுன்னு சொன்னேன்."

இருபது நிமிஷத்துக்கு ஆச்சு என்று ஒருத்தர் பேச முடியுமா? ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. அவர் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எமல்டாவுக்குக் காய்ச்சலாம். ஐந்தே நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. நல்லது என்று கிரைண்டர் சுவிட்சுக்குக் கை போகிற நேரம், "கெட் வெல் சூன்" என்று ஒரு பாட்டுப் பாடினார். மகளிடம் கேட்டேன். சீக்கிரம் குணமாகுங்கள் என்று அர்த்தமாம்.

போன ஐப்பசியில் எனக்கு ஒன்பது நாள் காய்ச்சல். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனுஷன். மூன்று வேளையும் கஞ்சி வைத்தார், துணி துவைத்தார், மாவு வாங்க வந்தவர்களிடம் "இல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஆனால் கெட் வெல் சொன்னாரா? இல்லை. கஞ்சி யார் வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று: கெட் ஓல்ட். வயசாகிறது என்று அர்த்தம். அவளிடம் போய் எதற்கு அதைச் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியாதா.

ஆகஸ்ட் 14, வியாழன்

சிரித்தார்.

சின்னச் சிரிப்பில்லை, வாளிமேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன், முதுகு குலுங்கிற்று. அவள் என்னவோ சொன்னாள், இவர் "கெட் இட், கெட் இட்" என்றார், பிறகு சிரித்தார். புரிந்துவிட்டது, புரிந்துவிட்டது என்று அர்த்தம். கேலியைப் புரிந்துகொண்டாராம்.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் எழுதுகிறேன். செஞ்சைத் தெருவில் வள்ளிமயில் என்றால் மாவைவிட வாய் பிரசித்தம். மாவு வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள். இவரை வைத்துத்தான் நான் எல்லாக் கதையும் கட்டுவது. இவர் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டே ஹெல்மெட்டைத் தேடினது, பிரேக் போட்டால் வண்டிக்கு முன்னால் இவர் நிற்பது, எல்லாம். இவரும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நல்ல குணம். ஆனால் இப்படி முதுகு குலுங்கி என்னிடம் எப்போது சிரித்தார் என்று யோசித்தேன். மாவு புளித்ததுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 16, சனி

கூட்டம். ஆறு மணிக்கு ஏழெட்டுப் பொம்பளைகள் தூக்குவாளியோடு வாசலில். அவர் அப்போதுதான் பேசி முடித்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். அடுத்த வீட்டு மீனா, "என்னக்கா, அண்ணன் தெனமும் வெளிநாட்டுக்குப் பேசுறாக போல" என்றாள்.

எனக்கு அது போதாதா. மாவுக் கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, அவரை மாதிரியே கழுத்தைச் சாய்த்து, கண்ணை மேலே செருகி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவர் திணறுகிற மாதிரியே திணறி, "ஐ... கெட் அப்... ஃபோர்... ஐ... ஐ... கெட்... என்ன இது... ஐ கெட் டீ... ஐ கெட் ஒய்ஃப்... ஒய்ஃப் கெட் ஆங்ரி" என்று நடித்தேன். மாவு காதில் ஒழுகினது வேறு. மீனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர். எத்தனையோ நாளாயிற்று இப்படி ஒரு கூட்டம் சிரித்து.

திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கிறார், கையில் தக்காளிப் பையோடு. அவரும் சிரித்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

மாவு முழுக்க விற்றுப்போயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆறு மணிக்குப் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. கேட்டால், "இந்த வயசுல அதெல்லாம் வராது புள்ள" என்றார். எமல்டாவிடமும் சொல்லிவிட்டாராம், இனிமேல் கூப்பிட வேண்டாமென்று.

அவராகத்தான் நிறுத்தினார். கிரைண்டரை ஆறு மணிக்கு நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீடு அமைதியாக இருக்கிறது. நிம்மதி. மத்தியானம் கத்தரிக்காய் புளிக்குழம்பு.

நிம்மதிதான்.

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்டாட்டம். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டிவியைப் போட்டார், அணைத்தார். காரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கார். நான் சும்மா இருக்க முடியாமல், "அந்தக் கண்ணாடிய இன்னும் ரெண்டு தொட தொடச்சா அந்தப் பக்கம் மெட்ராஸ் தெரியும்" என்றேன்.

"தெரியத்தான் போகுது" என்றார். "மெட்ராஸ்ல ஒரு எடம் சொல்லியிருக்கேன். ஒண்ணாந்தேதி வரச் சொன்னாக."

"டெஸ்ட்டு இருக்குல்ல?"

"அதுக்குப் போயி என்ன செய்ய. அங்கயும் சிரிப்பாக."

அங்கயும் என்றார். அந்த உம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். துணி காயவே இல்லை, இருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தேவகோட்டைக்குப் போய் வந்தேன். ஜாக்கெட் துணி எடுக்கத்தான். காரைக்குடியில் ஜாக்கெட் துணி இல்லையா என்று கேட்டால், இந்தக் கலர் இல்லை.

கடையில் ஆவணி முகூர்த்தக் கூட்டம். "எமல்டா, அந்த மயில் கழுத்துப் பச்சைய எடு" என்று யாரோ சத்தம் போட்டதால் அடையாளம் தெரிந்தது. நாற்பது வயசிருக்கும். அழகிதான். எழுதிவிட வேண்டியதுதான். சாந்தமான முகம், கொண்டையில் ஒரு முடி விலகவில்லை. வெள்ளை மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலையை ஒரு வீசு வீசினால் அது அவள் சொன்ன இடத்தில் போய் விழுகிறது. அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

எதிரே போய் உட்கார்ந்தேன். ஜாக்கெட் துணி கேட்க வந்தவள் சேலை கேட்டேன். ஒன்று, பத்து, இருபது என்று விரிக்க வைத்தேன். முகம் சுளிக்கவில்லை.

"இந்த ஊதா எனக்கு எடுக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லா எடுக்கும் க்கா."

"எடுக்கும்னா, என்னைய எடுத்துக் காட்டுமா, இல்ல என்னையப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு அது மட்டும் நிக்குமா?"

அவள் சிரிக்கவில்லை. சேலையை மடியில் வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். பார்வை என் காதுப் பக்கம் போயிற்று.

"நீங்க செஞ்சை வள்ளிமயில் அக்காதானே?"

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"காதுக்குப் பின்னால மாவு காஞ்சிருக்கு. அண்ணன் சொல்லியிருக்காரு. சொன்னா நீங்க கூச்சப்படுவீகளாம், அதனால உங்ககிட்ட சொல்றதில்லையாம்."

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. இருபத்தாறு வருஷமாக எனக்குச் சொல்லாததை இவளிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் இங்கிலீஷில். சுரண்டி எடுத்தேன்.

"வேற என்னென்ன சொன்னாரு?"

"எல்லாத் தலைப்புக்கும் நீங்கதான் க்கா. என் வீடுன்னா நீங்க. என் வேலைன்னா அதுலயும் நீங்க. மை ஃபேவரைட் ஃபுட்டுன்னு குடுத்தா, நீங்க எப்படி அரைக்கிறீகன்னு ஆரம்பிச்சிருவாரு. ஒரு வாரம் மிஸ்சுகிட்டயே சொன்னேன், இவருக்கு வேற தலைப்பு குடுங்க, எனக்கு அவங்க வீட்டு உளுந்து வெல வரைக்கும் மனப்பாடம்னு."

பக்கத்தில் ஒரு அம்மா வந்து பட்டுக் கேட்டாள். எமல்டா அவளுக்கு எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணன் ஏன் க்கா நிறுத்திட்டாரு? நல்லா வந்துட்டாரே."

"அவருக்கு வராதாம்."

"வராதுன்னு இல்ல. ஒரு வரி முடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகும். நான் காத்திருப்பேன். நான் தடுமாறினா அவரு காத்திருப்பாரு. எங்க வகுப்புல ஒரு சட்டம் உண்டு. பார்ட்னர் தப்பாப் பேசினா சிரிக்கக் கூடாது. சிரிச்சா மறுநாள் வகுப்பு மொத்தத்துக்கும் டீ வாங்கிக் குடுக்கணும்."

"சிரிக்காம எப்படிம்மா இருக்க முடியும்?"

எமல்டா சேலையை மடித்தாள். "எங்க வீட்டுல என்னையப் பார்த்துச் சிரிச்சவங்க ஏற்கெனவே நெறய பேரு க்கா. அதனால சட்டம் கஷ்டமா இல்ல." மடித்து முடித்துவிட்டு, "அண்ணன் ஒரு தடவ சொன்னாரு" என்றாள். "எனக்குத் தமிழ்ல பேசவும் பயம்தான், எம் பொண்டாட்டி அளவுக்கு எனக்கு வாய் கெடையாது, நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவ அத வச்சு ஒரு கத கட்டிருவா, எல்லாரும் சிரிப்பாக, இங்கிலீஷ் பேசுற இந்த இருபது நிமிஷம்தான் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு ஆளு கேக்குதுன்னு. கோவமா சொல்லல க்கா. சாதாரணமாத்தான் சொன்னாரு. ரொம்ப நேரம் ஆச்சு அதச் சொல்லி முடிக்க."

விரித்த சேலைகளை அவளோடு சேர்ந்து மடித்துக் கொடுத்தேன்.

ஊதாச் சேலையை எடுக்கவில்லை. ஜாக்கெட் துணியும் எடுக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

மாவு வாங்க வந்தவர்கள், "அக்கா, அந்த இங்கிலீஷ் ஒருக்கா நடிச்சுக் காட்டு" என்றார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"நாளையில இருந்து நான்தான் உங்க பார்ட்னர்."

"என்னத்துக்கு?"

"டெஸ்ட்டுக்கு. இன்னும் அஞ்சு நாளு இருக்கு. நான் பின்சீட்டுல வெள்ளக்காரியா உக்காருறேன். நீங்க ஓட்டுங்க, பேசுங்க."

"வேண்டாம் புள்ள. நீ சிரிப்ப."

"சிரிச்சா டீ வாங்கித் தாறேன்."

"நீ வாங்கித் தர்ற டீயில நான் குளிக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் இப்படி ஒரு கேலி பண்ணி எத்தனை வருஷமாயிற்று. பண்ணியிருப்பாரோ, நான்தான் கேட்கவில்லையோ. அந்த டீக்கதை எனக்கு யார் சொன்னது என்று அவர் கேட்டார். தேவகோட்டைக்குப் போனதைச் சொன்னேன். பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் இடையில் புகாமல் காத்திருந்தேன். கையைப் பிசைந்துகொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நீ பேசுறது எனக்குப் பிடிக்கும்" என்றார் கடைசியில். "என்னைய வச்சுப் பேசுறதுதான் சில நேரம்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்துக் கொடுக்க எனக்கு நூறு வார்த்தை வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

சாயங்காலம் நானே எமல்டாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். கிரைண்டரை ஓட விட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. ஒரே ஒரு தடவைதான், உளுந்து தள்ளிவிடும்போது.

ஆகஸ்ட் 25, திங்கள்

செஞ்சையிலிருந்து கோவிலூர் வரை காரில். நான் மேடம். "ப்ளீஸ் கெட் இன், மேடம்" என்று கதவைத் திறந்தார். கல்யாணக் காரில்கூட எனக்குக் கதவு திறந்ததில்லை. "கேன் ஐ கெட் யூ வாட்டர்?" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம். வேண்டாமென்று தலையை ஆட்டினேன். வாயில் முந்தானையைத் திணித்திருந்ததால் பேச முடியவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று சிரித்துவிட்டேன். வேகமாகப் பேசிக்கொண்டு வந்தவர் முன்னால் ஓர் எருமை வரவும், "சாரி, மேடம்" என்று எருமையிடம் சொன்னார். அடக்கவே முடியவில்லை. சட்டம் சட்டம்தான். கோவிலூர் முக்கில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவரும் சிரித்தார், முதுகு குலுங்க. ஆக, அது எங்கேயும் போய்விடவில்லை.

எமல்டா மேல் இன்னும் பொறாமை இருக்கிறது. இல்லையென்று எழுதினால் டைரி பொய்யாகிவிடும். ஆறு மணிக்கு அவர் போனை எடுக்கும்போது கிரைண்டர் சுவிட்சுக்குத்தான் கை போகிறது. பார்ட்னராக ஆண்பிள்ளை யாரும் அந்த வகுப்பில் கிடைக்கவில்லையா என்று நேற்றுகூடக் கேட்டேன். "கெட் யூஸ்ட் டு இட்" என்றார். மகளிடம் கேட்டேன். பழகிக்கொள் என்று அர்த்தமாம். இவருக்கு வாய் நீண்டுவிட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார்பட்டிப் பக்கம் போகவே முடியாத கூட்டம். வீட்டிலேயே கொழுக்கட்டை. வகுப்புக்கு மறுபடி போகிறார், அங்கே எமல்டாவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பா. பூரணம் இல்லாதது.

ஆகஸ்ட் 28, வியாழன்

சட்டை தேய்த்தேன். அவர் ராத்திரி இரண்டு வாய்தான் சாப்பிட்டார். "மறந்துட்டா என்ன செய்ய?" என்றார். "நான்தான் பின்சீட்டுல இருக்கேன்னு நெனச்சுக்குங்க" என்றேன். "அதுக்கு மறந்துறதே தேவல" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டெஸ்ட் பத்து மணிக்கு. கடைசியாக ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாமென்று நானும் காரில் போனேன். நான் லண்டன்காரி. வீட்டு வாசலில் கதவைத் திறந்தார், சாத்தினார், கிளம்பினோம். ஸ்ரீராம் நகர் தாண்டினதிலிருந்து பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வெயிலைப் பற்றிச் சொன்னார், செட்டியார் வீடுகளைப் பற்றிச் சொன்னார், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோமென்று சொன்னார். எல்லாவற்றிலும் கெட் வந்தது, எல்லாம் சரியான இடத்தில் வந்த மாதிரிதான் இருந்தது. இடையில் திணறவில்லை. ஒரு தடவை திணறினார், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவராகவே எடுத்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டல் வாசலுக்கு முன்னால் உள்ள வளைவில் காரை நிறுத்தினார். இறங்கிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, "ப்ளீஸ் கெட் டௌன் கேர்ஃபுலி, மேடம்" என்றார். இறங்கினேன். "தேங்க் யூ, மேடம். ஹேவ் எ நைஸ் டே" என்று நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். கதவைச் சாத்தினார். காரை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குள் போய்விட்டார்.

என் செருப்பு காரில் இருந்தது. பையும், போனும், எலுமிச்சம்பழச் சாதமும் காரில் இருந்தன.

வளைவில் ஒரு மைல்கல் இருந்தது. உள்ளே போனால் டெஸ்ட் கெட்டுப்போகுமென்று அதன்மேல் உட்கார்ந்தேன். ஒரு மணிக்குக் கார் வெளியே வந்தது. கண்ணாடி வழியாக முகம் தெரிந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். நான் எழுந்து கையைக் காட்டினேன். அவரும் என்னைப் பார்த்து, வழியில் நிற்கிற விருந்தாளிக்குத் தலையாட்டுகிற மாதிரி மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றே முக்காலுக்கு டவுன் பஸ் வந்தது. பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை என்பதால் ஏறினேன். தரை சுட்டது. இறங்குவதற்குள் தெருவுக்கு நடித்துக் காட்ட ஒரு கதை மனசில் தயாராகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. அவர் வாசலில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தெருவில் நாலு வீட்டில் கேட்டுவிட்டாராம். வேலை கிடைத்ததை முதலில் என்னிடம் சொல்ல வேண்டுமென்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லையாம்.

"எங்க புள்ள போயிருந்த?" என்று கேட்டார்.

காலைக் கழுவிவிட்டு உளுந்து ஊறப் போட்டேன்.